தீத்துவிட்ட பொண்டாட்டி

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சட்டத்தில் சந்தேகம் வருவது கல்யாணப் பந்தியில்தான். கறுப்புக் கோட்டு போட்ட முதல் வருஷத்திலேயே இது எனக்குப் புரிந்துவிட்டது. இலையில் சாம்பார் விழுந்ததும் பக்கத்து இலைக்காரர் என் பக்கம் சாய்ந்து, "வக்கீலம்மா, ஒரு சின்ன சந்தேகம்" என்பார். சின்ன சந்தேகம் என்று ஆரம்பித்த எதுவும் பாயசத்துக்கு முன்னால் முடிந்ததில்லை.

ஒருத்தர் அடுத்த மாதம் மச்சினன் வீட்டு விசேஷத்தில் ஒரு ஆளை அடிப்பதாக இருந்தார். அதற்கு இப்போதே முன்ஜாமீன் வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இன்னொருத்தரின் மனைவி கோபித்துக்கொண்டு மிக்ஸியோடு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் மேல் கேஸ் வேண்டாம், மிக்ஸி மேல் மட்டும் கொடுக்க முடியுமா என்றார். நான் சிரிக்காமல் பதில் சொல்லப் பழகியிருந்தேன். என் தொழிலில் பாதி அதுதான்.

சாத்தூர் கோர்ட்டில் என் சீனியர் நிலத் தகராறு மட்டும்தான் பார்ப்பார். புருஷன் பெண்டாட்டி சண்டை, அடிதடி, ஜாமீன் எல்லாம் என் மேஜைக்குத் தள்ளப்படும். "பொம்பளைப் பிள்ளை, நீதான் பொறுமையா கேப்பே" என்பார். எனக்குப் பொறுமை கிடையாது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அவருக்கு மட்டும் கடைசி வரை தெரியவில்லை.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. தீபாவளி சீசன் முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் ஓய்ந்து கிடந்த ஒரு காலையில் ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா போன் செய்தார். எங்கள் பக்கத்து ஆள், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர்.

"வக்கீலம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. இங்கன ஒருத்தன் கொலை கேஸ்ல உள்ள போகப் போறான்."

"யாரைக் கொன்னான்?"

"யாரையும் கொல்லல. அதான் சிக்கல்."

போனேன். ஸ்டேஷனில் புதிதாக வந்திருந்த எஸ்.ஐ. உட்கார்ந்திருந்தார். வேலூர்ப் பக்கத்து மனிதர், வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவர் எதிரே, சுவரோரமாக ஒரு வாலிபன் நின்றான். விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி வேலை. மலேசியா போக பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தான். அதற்குப் போலீஸ் விசாரணை உண்டல்லவா, அதற்காக வரச்சொல்லியிருக்கிறார்கள். நன்றாக எண்ணெய் வைத்துத் தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான்.

எஸ்.ஐ. தான் எழுதி வைத்திருந்ததை எனக்கு வாசித்துக் காட்டினார்.

"கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சுய்யா."

"மனைவி எங்கே?"

"தீத்துவிட்டாச்சுய்யா."

"என்னது? எப்போ?"

"மூணு வருசம் இருக்கும்யா."

"எங்கே வச்சு?"

"எங்க ஊர்க் கோயில் முன்னாடி வச்சு."

"யாரும் பார்க்கலையா?"

"ஊரே கூடி நின்னுச்சுய்யா. பெரியாளுகதான் முன்ன நின்னு முடிச்சு வச்சாக."

"பொண்ணு வீட்டுக்காரங்க?"

"அவுகளும் வந்திருந்தாகய்யா. எல்லாரும் டீ குடிச்சுட்டுத்தான் போனாக."

"நீ என்ன வேலை பார்க்கிறே?"

"மருந்து கலக்குறேன்யா."

எஸ்.ஐ. தாளைக் கீழே வைத்தார். "மேடம், என் சர்வீஸ்ல இப்படி ஒரு கிராமத்தைப் பார்த்ததில்லை. எத்தனை வேன் வேணும்னு யோசிச்சிட்டிருக்கேன்" என்றார்.

நான் ஏட்டையாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் விவாகரத்து என்ற சொல் கோர்ட்டு வாசலோடு நின்றுவிடும். ஊருக்குள் அதற்குப் பெயர் தீர்த்துவிடுவது. அதையும் 'தீத்துவிட்டாச்சு' என்றுதான் சொல்வார்கள். ஒத்துவராத ஜோடி கோயில் முன்னால் பெரியவர்களைக் கூட்டும். தாலி திரும்பிப் போகும், ஒரு துரும்பைக் கிள்ளிப் போடுவார்கள், அதோடு உறவு தீர்ந்தது. பிறகு இரண்டு பேரும் வேறு கல்யாணம் செய்துகொள்ளலாம். மருந்து என்பது பட்டாசுக்குள் செலுத்துகிற ரசாயனம். இதெல்லாம் சிவகாசியில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். வேலூரில் தெரிய வேண்டிய அவசியமில்லை.

விளக்கிச் சொன்னேன். எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்.

"இதையேதான் ஏட்டும் சொன்னார். சரி, கோர்ட் ஆர்டர் இருக்கா?"

"வழக்கப்படி தீர்த்துக்கிட்டா சட்டம் ஏத்துக்கும் சார். ஆனா அப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு கோர்ட்ல நிரூபிக்கணும்."

"நிரூபிச்சாங்களா?"

"இல்லை."

"அப்போ அவன் மனைவி இன்னும் மனைவிதான்?"

"அப்படியும் சொல்லலாம்."

"நல்லது. அவன் மனைவியை உயிரோட கொண்டு வந்து காட்டுங்க. இவனை விட்டுடறேன். சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா எஃப்.ஐ.ஆர். போட்டு ரிமாண்டுக்கு அனுப்பிடுவேன்."

அந்தப் பெண் மறுகல்யாணம் செய்துகொண்டு ஆலங்குளத்தில் இருந்தாள். இரண்டாவது புருஷனுக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. ஏட்டையா அங்கே ஒரு டீக்கடைக்குப் போன் போட்டு ஆள் விட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். என் கட்சிக்காரன், "வருவாளாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு நகத்தைக் கடிக்க ஆரம்பித்தான்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு டி.வி.எஸ். ஃபிப்டி வந்து நின்றது. புருஷன் வண்டியோடு வாசலிலேயே நின்றுகொண்டான். அவள் மட்டும் இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு உள்ளே வந்தாள். உயிரோடுதான் இருந்தாள், அதில் யாருக்கும் சந்தேகமே வர முடியாது. வந்ததும் ஃபேனுக்குக் கீழே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்கதான் இவர் மனைவியா?" என்றார் எஸ்.ஐ.

"இல்லீங்க."

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார்.

"இந்த ஆளு பொண்டாட்டி இல்லை நான். எம் புருசன் வெளிய நிக்காக. வேணும்னா கூப்பிட்டுக் கேளுங்க."

"அப்போ இவன் மனைவி எங்கே?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"மேடம், நான் கேட்டது இவன் மனைவியை. நீங்க வேற யாரோ ஒருத்தர் மனைவியைக் கொண்டு வந்து காட்டறீங்க" என்றார் எஸ்.ஐ. என்னிடம். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சட்டப்படி அவர் கேட்டதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்துப் போனேன். மனைவி என்று ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால் இவன் தப்பித்துவிடுவான் என்றேன்.

"போட்டா எங்க கல்யாணம் செல்லுமாம்மா? எம் பிள்ளைக்கு யாரு அப்பன்னு எழுதுவாக?"

சட்டம் படித்தவளுக்கு அந்தக் கேள்வி முதலில் வந்திருக்க வேண்டும். அவள் கேட்டுத்தான் எனக்கு உறைத்தது. மனைவி என்று எழுதினால் அவள் கல்யாணம் கேள்விக்கு வரும். எழுதாவிட்டால் இவன் கொலைகாரன். யாரையும் கொல்லாத ஒரு கொலைக்கு இவ்வளவு பேர் மாட்டிக்கொண்டிருந்தோம்.

வாய்தாவுக்கு வாய்தா வாங்கியே மழுங்கிப் போயிருந்த என் மூளை அன்றைக்கு வேலை செய்தது. ஏட்டையாவிடம் தாள் வாங்கி நானே எழுதினேன். 'மேற்படி நபரால் சுமார் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஊர் முன்னிலையில் வழக்கப்படி தீர்க்கப்பட்ட நான், இன்று நிலையத்தில் உயிருடன் ஆஜராகிக் கொடுக்கும் வாக்குமூலம்.' மனைவி என்ற சொல்லே இல்லை. எஸ்.ஐ. இரண்டு முறை படித்தார். "படிக்க ஒரு மாதிரியாத்தான் இருக்கு. ஆனா உயிருடன்னு இருக்கே, அது போதும்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் எட்டாவது வரை படித்தவள். வரி வரியாக விரல் வைத்து வாசித்தாள். பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டாள்.

"தப்பா எழுதியிருக்கீக வக்கீலம்மா."

"என்ன தப்பு?"

"இந்த ஆளு எங்க என்னையத் தீத்தாரு? நாந்தான் இந்த ஆளைத் தீத்தேன்."

எஸ்.ஐ. நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "உட்காருங்க சார், இவன் உயிரோடதான் நிக்கிறான்" என்றேன். ஏட்டையா முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

"வேலைக்குப் போகையில என்னைய உள்ள வச்சு வெளிய பூட்டிட்டுப் போவாருங்க. சந்தேகம். பக்கத்துல அம்புட்டு மருந்துக் கம்பெனி. ஏதாச்சும் தீப்பிடிச்சா எந்த வழியா ஓடுவேன்? ஒருநாள் கூரை ஓட்டைப் பிரிச்சு வெளிய வந்து, நானே பெரியாளுகளக் கூட்டினேன். தாலியக் கழத்திக் குடுத்தது நான். துரும்பக் கிள்ளிப் போட்டது நான். இந்த ஆளு தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னாரு. மறுநா காலையில டீக்கடையில நின்னு, அவளத் தீத்துவிட்டேன், அவளத் தீத்துவிட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. ஊரும் அப்படியே பேச ஆரம்பிச்சிருச்சு. இன்னைக்கும் எம் மாமியாருக்குக் கோவம் வந்தா, ஒருத்தன் தீத்துவிட்டதத்தான நாம கட்டியாந்தோம்னு சொல்லும். அதக் கேக்கையில செத்தவ மாதிரிதான் இருக்கும் எனக்கு."

காலையிலிருந்து நாங்கள் எல்லோரும் அந்தச் சொல்லுக்குச் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சொல்லைக் கேட்டுப் பயந்தவர் வேலூர்க்காரர் ஒருத்தர்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

"நாந்தான் தீத்தேன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடுறேன். இந்த ஆளும் அத வாயால சொல்லணும்" என்றாள்.

எஸ்.ஐ. அவன் பக்கம் திரும்பினார். "சொல்லுப்பா. யார் யாரைத் தீர்த்தது?"

அவன் சுவரைப் பார்த்தான். சுவரில் ஒன்றும் இல்லை. வெயில் ஜன்னலிலிருந்து மேஜைக்கு இறங்கியது. குழந்தை சிணுங்கியது, அவள் தட்டிக் கொடுத்தாள். அவன் யோசித்துக்கொண்டேயிருந்தான். ஒரு பக்கம் கொலை வழக்கு, இன்னொரு பக்கம் பெண்டாட்டி தீர்த்துவிட்ட ஆம்பளை என்கிற பேர். இரண்டில் எது தேவலை என்று நிஜமாகவே எடைபோட்டுக்கொண்டிருந்தான். அவன் வக்கீலான எனக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும்போல் கை பரபரத்தது.

"ஏலே, சொல்லித் தொலைலே. வீட்டுக்குப் போக வேணாமா?" என்றார் ஏட்டையா.

"அவதான்யா" என்றான், தரையைப் பார்த்து.

"அவதான்னா?"

"அவதான்யா என்னையத் தீத்துவிட்டா."

அவள் எழுந்து வாசலுக்குப் போய்த் தன் புருஷனை உள்ளே கூப்பிட்டாள். "இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்கய்யா. எம் புருசனும் கேக்கட்டும்." எஸ்.ஐ.க்கு அந்தக் கட்டளையை மறுக்கத் தோன்றவில்லை. அவன் இன்னொரு முறையும் சொன்னான். நான் 'நபரால்' என்பதை 'நபரை' ஆக்கி, 'தீர்க்கப்பட்ட' என்பதை அடித்து, 'தீர்த்துவிட்ட' என்று எழுதினேன். அவள் முழுப்பெயரையும் நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டாள். டி.வி.எஸ். ஃபிப்டி கிளம்பும்போது புருஷனுக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையால் குழந்தைக்கு வெயில் படாமல் மறைத்துக்கொண்டு போனாள்.

எஸ்.ஐ. பாஸ்போர்ட் விசாரணைத் தாளில் ஆட்சேபணை இல்லை என்று எழுதினார். என் கட்சிக்காரனை அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். சிவகாசி பஸ் வந்து நின்ற பிறகு அவன் என் பக்கம் சாய்ந்து, "வக்கீலம்மா, ஒரு சந்தேகம்" என்றான்.

"கேளு."

"கொலைன்னே விட்டிருந்தா எத்தனை வருசம் போட்டிருப்பாக?"

"ஆயுள்" என்றேன்.

அவன் அதையே யோசித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினான்.