குளிக்கும்போது அழாத பிள்ளை

தாயகம் திரும்பியவர்களாகக் கப்பலில் வந்து இறங்கிய மூன்றாம் வருஷம் எங்களுக்குப் பந்தலூர்ப் பக்கம் காலனி வீடு கிடைத்தது. ஓட்டுக் கூரை, இரண்டு அறை, பின்னால் ஒட்டினாற்போல் குளிக்கிற அறை. சாவியோடு ஒரு காகிதமும் கொடுத்தார்கள். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துக்கூட்டி அதைப் படித்து முடிக்க ஒரு பொழுது ஆனது. கட்டடத்தில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. மற்றதெல்லாம் மறந்துபோய், அது மட்டும் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கக்கூட நான் விடவில்லை.

மகள் பிறந்தது ஆடி மழையில். பிள்ளை பெற்றவளுக்குத் தாய் பக்கத்தில் இருந்து வெந்நீர் ஊற்ற வேண்டும். என் மனைவியின் தாய்க்கு இன்னும் பயணக் காகிதம் வரவில்லை, கடலுக்கு அந்தப் பக்கமே இருந்தார். நானோ தேயிலை ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன், விடியும் முன் போய்விடுவேன். ஈர விறகை ஊதி ஊதி அவள் தண்ணீர் சுட வைப்பதை நினைத்தால் எனக்கு வேலை ஓடாது. கூடலூரில் பழைய சாமான் கடையில் ஒரு செம்பு பாய்லர் வாங்கினேன். நடுக் குழலில் கரி போட்டால் சுற்றியுள்ள தண்ணீர் சுடும். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, இதுக்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கண்டக்டர் கேட்டார்.

புகைக்குழாயை எந்த வழியாக விடுவது என்பதுதான் பெரும்பாடாக இருந்தது. நேரே மேலே போக வேண்டும், தெரியும். ஃபேக்டரிப் புகைபோக்கியில் கரி வழிக்கிறவனே நான்தான். ஆனால் மேலே விட்டால் கூரையைத் திறக்க வேண்டும். வீட்டுச் சாவியோடு கொடுத்த காகிதம் கண்முன் வந்தது. குழாயைப் படுக்கை வாட்டத்தில் வளைத்து, மேற்கு ஜன்னல் வழியாக வெளியே நீட்டினேன். குளிர் வராமல் மிச்ச இடத்தில் சாக்கைத் திணித்தேன். கதவிடுக்கிலும் சாக்கு. மழைக்காற்று மேற்கிலிருந்துதான் வரும் என்பதும் எனக்குத் தெரிந்ததுதான்.

பத்து நாளில் காலனியே எங்கள் பிள்ளையைப் பற்றிப் பேசியது. காலை நீட்டி, அதில் கிடத்தித் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பிள்ளையும் வீறிடும். இவளும் வீறிட்டவள்தான், பாய்லர் வந்த பிறகு அழுவதே இல்லை. நல்ல பொறுமைசாலி என்றார்கள். மனைவிக்குக் குளித்தபின் தலைவலி, கிறுகிறுப்பு. பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் அதற்கு மட்டும் பயப்படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காற்று பலமாக இருந்தது. கதவுக்கு வெளியே துண்டோடு நின்றேன். உள்ளே தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் நின்றது. கூப்பிட்டேன். கொஞ்சம் பொறுத்து, தூக்கத்தில் சொல்வதுபோல "ம்" என்றாள். கதவைத் தள்ளினேன். அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். பிள்ளை அவள் காலில் அசையாமல் கிடந்தது. கண்ணுக்குப் புகை என்று எதுவும் இல்லை. கரி சிவக்கக் கனன்றுகொண்டிருந்தது.

இருவரையும் ஈரத்தோடு வாசலுக்கு இழுத்து வந்து கம்பளியைப் போர்த்தினேன். பிள்ளையின் முகத்தில் சாரல் அடித்தது. எவ்வளவு நேரமோ. உதடு கோணியது, பிறகு அழுதாள். அக்கா என் மனைவியைத் தாங்கிப் பிடித்துப் பின்னால் கூட்டி வர, தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையோடு ஓடினேன். அழு தாயீ, அழு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓடினேன். டாக்டர் இருவரையும் பார்த்து, மறுநாள் வரை வைத்திருந்து அனுப்பினார். குழாய் எங்கே போகுது என்று கேட்டார். ஜன்னல் வழியாக என்றேன்; கண்ணுக்குத் தெரியாத கரி வாயுவைக் காற்று உள்ளேயே திருப்பித் தள்ளி இரண்டு பேரையும் மயக்கிப்போட்டிருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்: "கூரையத் தொறந்துருங்க."

"வீட்டப் புடுங்கிட்டா?"

"ஒரு நாட்டையே விட்டுட்டு வந்தோம். ஒத்த ஓட்டுக்கா இம்புட்டுப் பயம்?" சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றே ஏறினேன். ஓர் ஓட்டைக் கழற்றி, அந்த இடத்தில் துளை போட்ட தகரம் வைத்து, குழாயை வளைவே இல்லாமல் நேரே முகட்டுக்கு மேலே ஏற்றினேன். மரச்சட்டத்தில் படாமல் ஒரு சாண் தள்ளியே போனது. உச்சியில் மழைக்கு ஒரு தகரத் தொப்பி. ஜன்னல் சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். கதவின் அடியில் காற்று வர நாலு விரல் அறுத்துவிட்டேன். கழற்றிய ஓட்டைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்; யாராவது அதிகாரி வந்தால் திரும்ப மாட்டிவிடலாமே. யாரும் வரவில்லை. ஓடு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து மனைவி பிள்ளையைக் குளிப்பாட்டினாள். முதல் செம்பு ஊற்றியதுமே காலனி முழுக்கக் கேட்கிற மாதிரி வீறிட்டது. என்னமோ ஏதோ என்று பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார்.

"ஒண்ணுமில்லக்கா," என்றாள் உள்ளேயிருந்து. "குளிக்கிறா."