பேட்டரியைப் பிடுங்கிய அண்ணன்

எதிர்வீட்டுக்காரனுக்குப் பருந்து என்ற பட்டப்பெயர் ட்ரோன் ஓட்டுவதால் வந்தது. இல்லை, கொத்துகிற சுபாவத்தால் வந்தது என்பாள் அவன் மனைவி. கட்டட வேலை நடக்கும் இடங்களை மேலிருந்து படமெடுத்து வரைபடமாக்கித் தருவது அவன் தொழில். இருந்தது ஒரே ட்ரோன். அதை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

அவன் வீட்டுக்குப் பக்கத்து வீடு அவனுடைய அண்ணன் வீடு. இருவரும் சேர்ந்துதான் ஸ்டுடியோ நடத்தினார்கள். பருந்து காய்ச்சலில் படுத்திருந்த சமயம் பார்த்து அண்ணன் பூட்டை மாற்றினான். போர்டிலிருந்த தம்பி பெயரையும் சுரண்டி எடுத்தான். தம்பி எடுத்த படங்கள் மட்டும் இன்னமும் அங்கே தொங்குகின்றன, அண்ணன் எடுத்தவையாக. அதை நினைத்தால் எனக்கே வயிறு எரியும்.

ஒரு நாள் மதியம், தெருக்கோடியில் எழும்பும் அடுக்குமாடிக்கு மேலே பருந்து ட்ரோனை ஏற்றினான். போனில் பாதையைப் போட்டுக் கொடுத்துவிட்டால் போதும், அது தானாகவே பறந்து படமெடுத்துத் திரும்பிவிடும். அன்று திரும்பும் வழியில் எதிர்க்காற்று. பேட்டரி தீரப் போகிறதென்று அது கிடைத்த இடத்தில் இறங்கிக்கொண்டது. திரையில் கடைசிப் புள்ளி நின்ற இடம் அண்ணன் வீட்டு மொட்டைமாடி!

மானத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினான்.

"என் ட்ரோன் உங்க மாடியில இறங்கியிருக்கு. காலையில மீதி வேலைய முடிக்கணும். இல்லன்னா பில்டர் வேற ஆளப் பாத்துக்குவாரு."

"ட்ரோனா? எங்க மாடிக்குக் காக்கா கூட வர்றதில்ல" என்று அண்ணன் கதவைச் சாத்தினான்.

பருந்து செத்த முகத்தோடு படியிறங்கினான். கேட்டைத் தாண்டுவதற்குள் உள்ளேயிருந்து 'வீல்' என்று ஓர் அலறல்.

தொலைந்தால் தேடுவதற்காக, ட்ரோனின் வயிற்றுக்குள் நகத்தளவு பஸ்ஸர் ஒன்றை ஒட்டியிருந்தான். அதற்குத் தனி பேட்டரி. பெரிய பேட்டரியைக் கழற்றிய உடனே அது கத்தும். பொத்தான் இருக்கும் இடம் தெரிந்தவன்தான் அடக்க முடியும். ட்ரோனில் மினுங்கும் விளக்கு காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்து அண்ணன் பேட்டரியைப் பிடுங்கியிருக்கிறான்.

"போலீஸக் கூப்பிடவா?" என்றேன், என் வாசலில் நின்றபடி.

"வேணாம்ணே, கத்தட்டும். எப்படி நிறுத்துறதுன்னு அவன் யாரக் கேப்பான்? என்கிட்டதான் வந்தாகணும்."

அண்ணன் டிவியை அலறவிட்டான். அண்ணியிடம் தெருவே விசாரித்தது. "அலாரம் கெட்டுப்போச்சு" என்று அவள் தலையைக் குனிந்தாள். பொய் சொல்வானேன், எனக்கும் தேன் குடித்த மாதிரி இருந்தது.

பருந்தின் மனைவிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "ஏங்க, போய் அத நிறுத்திக் கொடுத்துட்டு ட்ரோன வாங்கிட்டு வாங்க. நமக்கு வேலைதானே முக்கியம்?"

"'நான்தான் எடுத்தேன்'னு அவன் வாயால சொல்லட்டும்."

"மூக்கறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடையா? நல்லா இருக்குங்க உங்க நியாயம்."

ராத்திரி முழுக்க அது கத்தியது. விடிந்ததும் அண்ணன் வீட்டில் சுத்தியல் சத்தம். பிறகு அவனே ஒரு சாக்கைத் தூக்கி வந்து, தெரு மொத்தமும் பார்க்க, தம்பி வாசலில் கொட்டினான். ட்ரோனின் இறக்கைகள் ஒடிந்து கிடந்தன, கேமரா நொறுங்கியிருந்தது. பஸ்ஸர் மட்டும் சாகவில்லை, கத்திக்கொண்டே இருந்தது. அண்ணனின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"எடுத்துத் தொலைடா!"

"திருடன்னு தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு பாத்தீங்களா!" என்று பருந்து கைகொட்டிச் சிரித்தான். அண்ணன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

போன் அடித்தது. பில்டர். மனைவி பஸ்ஸரை நிறுத்தக் கை நீட்டினாள். பருந்து தட்டிவிட்டான்.

"இருக்கட்டும். அவன் இன்னும் கொஞ்சம் கேக்கட்டும்."

போன் அடித்து அடித்து நின்றது. அவள் அந்த நொறுங்கிய துண்டுகளைப் பார்த்தாள், பிறகு அவனை.

"உங்க அண்ணன் தூங்கப் போயிட்டாருங்க. இப்ப நம்ம வீட்டுலதான் கத்துது."