மாலை விழுந்த படம்

எங்கள் ஆபீஸில் பேய்க் கதை எடுக்க வந்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. நாசமாய்ப் போகட்டும் என்று வாய் நிறையச் சொன்ன பிறகுதான் சுபத்ரா அக்காவைப் பற்றி என்னால் பேசவே முடியும்.

அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி போகும் ரோட்டில், முன்பு பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்த கட்டடத்தில்தான் எங்கள் கால் சென்டர். மிக்ஸி ஓடவில்லை, கிரைண்டர் சுற்றவில்லை என்று எந்த ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும் நாங்கள்தான் எடுப்போம். அக்கா என் பக்கத்து சீட். கண்டபடி திட்டுகிறவனிடமும் "கொஞ்சம் லைன்ல இருங்க சார்" என்று தன்மையாகப் பேசுவார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, நான் வாய்க்காரி.

அக்காவின் புருஷன் ராஜகுரு, எம்.ரெட்டியபட்டிக்காரர். வரப்புத் தகராறில் கூடப் பிறந்த அண்ணன் ஜெயபாண்டி ஊர் பார்க்க அவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். மனுஷன் அன்றைக்கே ஏதோ ஒரு லாரியில் ஏறிப் போனவர்தான். போலீஸில் சொல்லி, பேப்பரில் போட்டு, குறி கேட்டு, ஒன்றும் நடக்கவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

"செய்ய வேண்டியதச் செஞ்சு, படத்துக்கு ஒரு மாலையப் போட்டு விடு தாயி. இன்னும் எத்தன காலத்துக்கு?" என்று ஜெயபாண்டி வரும்போதெல்லாம் சொல்லுவார். அக்கா காதில் வாங்க மாட்டார். வெள்ளிக்கிழமை சாமி படங்களுக்கெல்லாம் பூ வைப்பார். புருஷன் படத்தை மட்டும் தள்ளி, டி.வி. ஸ்டாண்டில் வைத்திருப்பார். காற்றில் ஒரு இதழ் உதிர்ந்து அதன் மேல் விழுந்துவிடக் கூடாதாம். "மச்சானுக்குத் தனி சிம்மாசனமாக்கும்?" என்று நான் கேலி செய்வேன். "போடி இவளே" என்று சிரித்துக்கொண்டே தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த டி.வி.க்காரர்கள் வந்தார்கள். வாரம் ஒரு பேய்க் கதை போடுகிற நிகழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸை வாடகைக்கு எடுத்தார்கள். நாங்களும் சும்மா உட்கார்ந்திருக்கிற கூட்டமாக நடிக்கப் போனோம். கதை என்னவென்று எங்களுக்குச் சொல்லவில்லை. மாதவன் என்று ஒரு உதவி டைரக்டர் வந்து, "சுவத்துல மாட்ட ஒரு மேனேஜர் போட்டோ வேணும். மீசை வச்ச ஆளா, யாருக்கும் தெரியாத முகமா இருக்கணும்" என்றான்.

"எங்க வீட்டுக்காரரு படம் இருக்கு தம்பி" என்றார் அக்கா.

நான் அவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். "பேய்க் கதைக்குப் போயி அவுக படத்தக் குடுக்கலாமாக்கா?"

"பேயி வேற யாரோடி. இவுக சும்மா சுவத்துல இருக்கப் போறாக. ஊரு உலகமே பாக்குமுல்ல சுகந்தி? எவனாவது ஒருத்தன், 'இந்த ஆளு நம்ம பக்கத்து ரூமுல்ல'ன்னு சொல்ல மாட்டானா? அவுகளே பாத்தாகன்னா?"

வீட்டுக்குப் போய்ப் படத்தை எடுத்து வந்து கொடுத்தார் அக்கா. மத்தியானத்தோடு எங்களை அனுப்பிவிட்டார்கள். மறுநாள் படத்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான் மாதவன். பிரிண்டர் மேல் ஒரு பிளாஸ்டிக் மாலை கிடந்தது. எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. அக்காதான் தூசி தட்டி அலமாரியில் வைத்தார்.

ஒளிபரப்பான அன்று சாயங்காலம் அக்கா எங்களையெல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். சீனிச்சேவு, காராச்சேவு, காபி. எங்கள் முகங்களைத் திரையில் பார்த்து ஒரே கும்மாளம். அப்புறம் நாற்காலி தானாக நகர்ந்தது, விளக்கு அணைந்தது, கேமரா மெல்லச் சுவருக்குப் போனது. ராஜகுரு மாலையும் கழுத்துமாக இருந்தார். நெற்றியில் சந்தனப் பொட்டு, கீழே சிவப்பு பல்பு. செத்துப்போன மேனேஜர்தான் பேய்.

அக்கா எழுந்து போய் இரண்டு உள்ளங்கையாலும் டி.வி.யை மறைத்தார். நாங்கள் எல்லோரும் பார்த்த பிறகு மறைத்து என்ன ஆகப் போகிறது!

மறுநாளே ஜெயபாண்டி வந்துவிட்டார். "ஊரே பாத்துருச்சு. நீயே மாலை போட்டுட்ட."

"அது கதை மாமா."

"கதையோ கிதையோ, உசுரோட இருக்கவனுக்கு மாலை போட எவளாவது படத்தக் குடுப்பாளா?"

நான் மாதவனுக்குப் போன் போட்டு அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினேன். அவன் கூசாமல், "அந்த எபிசோடுதான் மேடம் செம ஹிட்டு" என்றான்.

மாசி பிறந்து ஒரு மத்தியானம் ஆபீஸுக்கு அந்தப் போன் வந்தது. பம்பாய்ப் பக்கம் பிவண்டியில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஆண்டிச்சாமி, சொந்த ஊர் திருச்சுழி. நிகழ்ச்சி முடிவில் எங்கள் ஆபீஸுக்கு நன்றி போட்டிருந்ததைப் பார்த்து நம்பர் பிடித்தாராம். அவர் ராஜகுரு பேரைச் சொல்லி வீட்டார் யாரென்று கேட்டதும், அக்காவுக்கும் கேட்க நான்தான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"ராஜகுரு அண்ணே நம்ம கடையிலதான் சாப்புடுவாரு தாயி. வார பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருவேன், அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு."

அக்கா எழுந்து நின்றுவிட்டார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததேயில்லை. "இப்ப பக்கத்துல இருக்காகளாண்ணே? குடுங்க, ஒரு வார்த்த பேசுறேன்."

"கடை டி.வி.யில அந்தப் பேய்க் கதை ஓடுச்சு தாயி. அவரும் பாத்தாரு. 'எனக்கு மாலை போட்டுட்டாய்யா, இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போக'ன்னு பாதிச் சாப்பாட்டுல கையக் கழுவிட்டுப் போனவருதான். ரூமக் காலி பண்ணிட்டாரு. போனும் போகல. ஒருவேளை ஊருக்கு வந்துட்டாரோன்னு கேக்கத்தான் கூப்புட்டேன்."

போனை நான்தான் வைத்தேன். அக்கா போய் அலமாரியைத் திறந்து, அந்த மாலையை எடுத்து வந்து என் மடியில் போட்டார்.

"இங்க பாருடி, பிளாஸ்டிக்கு. பாத்தாலே தெரியுதுல்ல? அவுகளுக்குத் தெரிஞ்சிருக்காதா சுகந்தி?"