புனிதமலரின் வெள்ளிக்கிழமைச் சமையல்

"என்ன ரீச்சர், வெயிலுக்கை நிக்கிறியள்?"

"பஸ்ஸுக்கு நிக்கிறன்."

"எங்கை போற பஸ்?"

வாயில் வந்த ஊரைச் சொன்னேன். "கிளிநொச்சி."

"கிளிநொச்சி பஸ் றோட்டுக்கு அந்தப் பக்கமெல்லோ நிக்கும். உங்களுக்குப் பஸ் இல்லை, பசி."

நான் புத்தகப் பையை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"உள்ளுக்கு வாங்கோ."

"பொம்பிளையள் கடையிலை இருந்து சாப்பிடுறவையோ?"

"ஏன், நான் நெடுகச் சாப்பிடுறன். இண்டைக்கும் ரெண்டு தரம் சாப்பிட்டிட்டன்."

சொல்லிவிட்டு அந்தக் கடைக்கார அக்கா உள்ளே போய், பழைய சேலை ஒன்றைக் கயிற்றில் போட்டு மூலையை மறைத்தார். அந்த மறைப்புக்குள் ஒரு வாங்கு. நான் தலையைக் குனிந்துகொண்டு போய் அதில் உட்கார்ந்தேன்.

அறுபத்தொன்றாம் ஆண்டு அது. பரந்தன் பாடசாலைக்கு ஆங்கிலம் படிப்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்திருந்தேன். தங்கியிருந்த வீட்டில் மத்தியானச் சாப்பாடு இல்லை. அன்று தொடங்கி மூன்று வருடங்கள், புனிதமலர் அக்காவின் கடையில் அந்தச் சேலைக்குப் பின்னால் இருந்துதான் சாப்பிட்டேன்.

தென்னோலைக் கிடுகு வேய்ந்த கடை. முன்னால் சந்தி, பின்னால் வயல். சோற்றை அவர் சிரட்டையில் அமுக்கி, இலையில் கவிழ்ப்பார். ஆளுக்கு இரண்டு சிரட்டை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெள்ளை மேடுகள். அவற்றைச் சுற்றி மீன்குழம்பு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சம்பல். தொடக்கத்தில் பீங்கான் சாப்பாட்டுக் கோப்பைகளில்தான் போட்டாராம். குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்த கமக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணீர் மட்டும் கேட்டார்களாம். யார் யார் சாப்பிட்ட கோப்பையோ என்ற எண்ணம். அவருடைய கணவர் ஞானப்பிரகாசம் குளத்தில் இறங்கித் தாமரை இலை அறுத்து வந்தபின்தான் வாங்குகள் நிறைந்தன. சுடுசோறு பட்டதும் இலையிலிருந்து குளத்து வாசம் மெல்ல எழும்பும். வெயிலில் நடந்து வந்த கண்ணுக்கு அந்த ஆவியும் பச்சையும் ஒன்றாகக் கலங்கித் தெரியும். சாப்பிடுகிறேனா, நித்திரையில் இருக்கிறேனா என்று சில நாட்களில் எனக்கே தெரியாது.

புனிதமலர் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். தகப்பனைக் கடல் கொண்டுபோனது. பிறகு தம்பியையும். தம்பியின் வள்ளம் மட்டும் கரைக்கு வந்த அன்று, தன் புருசன் இனித் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது என்று அடம்பிடித்தார். ஞானப்பிரகாசம் மாதா கோயிலில் முழந்தாளில் நின்று சொன்னாராம்: "நீ ஒரு கடை போடு. கடை ஓடுமட்டும் நான் கடலுக்குப் போகன்." ஞானப்பிரகாசம் சொல் மாறாத மனிதர். கடை ஓடாவிட்டால் போவார் என்பதும் அதே சொல்லுக்குள் இருந்தது. விறகு கொத்தும்போதும் அவர் முகம் கடல் இருக்கும் கிழக்கே திரும்பியிருக்கும்.

வேலை ஓய்ந்த பின்னேரங்களில் அக்கா குசினி வாசலில் நின்று வயலைப் பார்ப்பார். காற்றில் நெல் சாய்ந்து, எழும்பி, தூரத்துப் பனைவரை போய்த் திரும்பும்.

"கடல் மாதிரியே இருக்குது, என்ன ரீச்சர்? ஆனால் இதுக்குள்ளை போனவை பொழுதுபட வீட்டை வருவினம்."

வெள்ளிக்கிழமைகளில் கடை காய்ந்து கிடக்கும். அக்காவைப் போன்ற கத்தோலிக்கருக்கு வெள்ளியில் இறைச்சிதான் ஆகாது, மீன் ஆகும். சைவக்காரருக்கு இரண்டும் ஆகாது. மீன் மணக்கும் கடைப்பக்கம் அவர்கள் அன்று திரும்பியும் பார்ப்பதில்லை. அக்கா யோசித்து, வெள்ளிக்கென்று புதுச் சட்டி பானை வாங்கினார். அகப்பையும் புதிது. வியாழன் பின்னேரம் அடுப்படியைச் சாணியால் மெழுகினார். வீரகத்தியர் என்ற மூத்த கமக்காரர்தான் முதலில் வந்து இருந்தார். அவரைப் பார்த்து நெல்லறுக்கும் அருவி வெட்டுக்காரர் எல்லாரும் வந்தார்கள். வெள்ளிக்கிழமையே கடையைத் தூக்கி நிறுத்தும் நாளாயிற்று.

ஒரு வெள்ளி. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டுமென்று வீரகத்தியர் விரதம். ஒருநேரச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்.

"பிள்ளை, இண்டைக்குச் சம்பல் வலு திறம். இன்னும் கொஞ்சம் போடு."

"அண்ணை விரதமோ, விருந்தோ?" என்றார் பக்கத்தில் இருந்த சிற்றம்பலம்.

"உன்ரை இலையைப் பாரடாப்பா."

நானும் சைவக்காரிதான், வெள்ளியில் மீன் தொடுவதில்லை. மறைப்புக்குப் பின்னால் நான் அந்தச் சம்பலை ஒரு வாய் வைத்துவிட்டு ஒதுக்கியிருந்தேன். அக்கா வந்து இலையைப் பார்த்தார்.

"உறைப்போ, ரீச்சர்?"

"மாசி போட்டிருக்கிறியள், அக்கா."

"ஓம், ஒரு சிட்டிகை." சாதாரணமாகத்தான் சொன்னார். "மாசியில்லாமல் என்ன சம்பல்?"

மாசி, கல்லாய்க் காய்ந்த மீன். கரையில் அதை இடித்த தூள் உப்புப் பேணிக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கே அதை யாரும் மீன் என்று நினைப்பதில்லை. அது ஒரு சரக்கு, மல்லி மிளகு மாதிரி. புதுச் சட்டி வாங்கியவருக்கு, அகப்பை மாற்றியவருக்கு, கைப்பழக்கம் அந்தப் பேணியைத் திறந்தது தெரியவில்லை.

நான் மறைப்புக்கு வெளியே, வீரகத்தியர் இருந்த பக்கம் கண்ணைக் காட்டினேன். அவர் முகம் மெல்ல வெளுத்தது.

"சம்பல் எங்கை, பிள்ளை?" வெளியில் வீரகத்தியரின் குரல்.

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திராது. அக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றார்.

"ஐயா, எழும்புங்கோ. சம்பலிலை மாசி கிடக்குது. நான்தான் போட்டனான். நினைவில்லாமல் போட்டிட்டன்."

வாங்கு முழுதும் கைகள் நின்றன.

"அதுதானே பாத்தன், அண்ணை ரெண்டாந்தரம் கேக்கேக்கை," என்றார் சிற்றம்பலம்.

"வாயைப் பொத்து."

வீரகத்தியர் எழும்பி, இலையை மடிக்காமல், கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் வாய் கொப்பளித்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். வெயில் மட்டும் வாங்கில் இருந்தது.

அடுத்த வெள்ளி ஒருவரும் வரவில்லை. மீன் சமைக்கிற நாட்களிலும் கமக்காரர்கள் குறைந்தார்கள். அடுக்கி வைத்த தாமரை இலைகள் ஓரம் சுருண்டு வாடின. ஞானப்பிரகாசம் ஒரு காலை முல்லைத்தீவுக்குப் போய், தமையனுடைய வள்ளத்தில் ஆள் தேவையா என்று கேட்டு வந்தார். தேவைதானாம்.

அந்தக் கிழமைதான் வீரகத்தியரின் சைக்கிள் கடை வாசலில் நின்றது. இறங்கவில்லை, ஒரு கால் நிலத்தில்.

"மகளுக்குப் பெடியன் பிறந்திருக்கிறான். ரெண்டு பேரும் சுகம்."

"மாதாவே!" என்று அக்கா நெஞ்சில் கை வைத்தார்.

"நீ சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிஞ்சிராது. அதிலை எனக்குக் கோபமில்லை. ஆனால், பிள்ளை, இனி எப்பிடி வெள்ளிக்கிழமை நம்பி இருக்கிறது? நீ வேணுமெண்டு போடேல்லை. போட்டது உனக்கே தெரியேல்லை. அதுதான் பயம்."

"ஓம் ஐயா. அது உண்மை."

சைக்கிள் போனபின் அக்கா வெகுநேரம் வாசலில் நின்றார். காற்று எழும்பி நெல்லுக்குள் இறங்கியது. அன்று அவர் வயலைப் பார்க்கவில்லை. மறைப்பை விலக்கிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் வாங்கில் இருந்தார். அதுவரை ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

"ரீச்சர், ஒண்டு கேக்கட்டே? வெள்ளிக்கிழமையளிலை பள்ளிக்கூட இடைவேளைக்கு ஒருக்கா என்ரை குசினிக்கை வாங்கோ. எல்லாக் கறியிலையும் ஒரு கிள்ளு வாயிலை போட்டுப் பாருங்கோ. மீன், மாசி எண்டு மச்சம் ஏதும் கிடந்தால் எனக்குச் சொல்லுங்கோ, அப்பிடியே கொட்டிப்போட்டு வேறை வைக்கிறன். இல்லையெண்டால், மத்தியானம் அவை வந்து இருக்கேக்கை, இந்தச் சீலைக்கு வெளியிலை வந்து நிண்டு, நீங்கள்தான் வீரகத்தியருக்கு உங்கடை வாயாலை சொல்லவேணும். உங்களுக்கு ஆம்பிளையளோடை கதைக்க வெக்கமெண்டு எனக்குத் தெரியும். ஆனால் நான் மட்டும் சொன்னால் இனிக் காணாது, ரீச்சர்."