குரைப்பைக் கேட்டு ஊசி போடுபவர்

எங்கள் ஊரான சல்லியில் நாய்க்கு லைசன்ஸ் எடுக்க விசர்நாய்த் தடுப்பூசி அட்டை கேட்டார்கள். ஊசி போட வந்தவர் மெலிந்த மனிதர். இமை முடிகூட நரைத்திருந்தது. ஒவ்வொரு நாயையும் குரைக்கவிட்டு, கண்ணை மூடிக் கேட்ட பிறகே ஊசியை எடுப்பார்.

என் நாய் குரைத்ததும் ஊசியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

“இது இதின்ர குரல் இல்லை. உங்களை நக்கினதோ?”

“ஓம், கையில, காயத்துக்கு மேல.”

“அப்ப நாயைக் கட்டிப்போட்டிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. ஊசி உங்களுக்குத்தான்.”

மூன்றாம் நாள் நாய் வாயில் நுரை தள்ளி, விசர் பிடித்துச் செத்தது. நான் எல்லா ஊசியும் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வருடம் புதுக் குட்டியோடு போனேன். அதன் குரைப்பைக் கேட்டுத் தலையாட்டினார், ஊசி போட்டார். பிறகு என் பக்கம் திரும்பிக் கண்ணை மூடினார்.

“இனி நீங்கள் கொஞ்சம் கதையுங்கோ.”

வாயைத் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை. வீட்டிலும் இப்போது மெதுவாகத்தான் பேசுகிறேன்.