திரும்பி வந்த படகு

எல்லை பிரித்தபோது சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனது. என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த நண்பர்கள் மூவரும் மாற்றல் வாங்கிக்கொண்டு மெட்ராஸ் பக்கம் போய்விட்டார்கள். சனிக்கிழமைதோறும் பழவேற்காடு போய், ஏரியைப் படகில் கடந்து, கடற்கரை மணலில் சமைத்துச் சாப்பிட்டுத் தங்குவது எங்கள் வழக்கம். ஒரு சனிக்கிழமை நான் மட்டும் போனேன்.

என்னை இறக்கிவிட்ட படகுக்காரர், "காலைல வர்றேன்" என்று கிளம்பினார். அடுப்பு மூட்டக்கூடத் தோன்றாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டுவதற்குள் அவர் திரும்பி வந்து எதிரே நின்றார்.

"மறைக்காம சொல்லு சார். உயிர வுடறதுக்கா வந்துக்கிற?"

"ஐயோ, இல்லைங்க" என்று சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

அவர் படகைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, "அரிசி எங்க கீது?" என்றார்.

எனக்காக ஒருவர் பயந்தார் என்ற நினைப்பிலேயே பிறகு பல சனிக்கிழமைகளைத் தனியாகக் கழித்தேன்.