அத்தான் வைத்த சீல்

என் அத்தானுக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று சொன்னால் அது அநியாயம். எல்லாரையும் பிடிக்கும். ஒருவரையும் நம்ப மாட்டார், அவ்வளவுதான். மின்சார அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் மீட்டர் சோதித்தவர். மீட்டருக்குள் காந்தம் வைத்தவன், ஒயரைத் திருப்பிப் போட்டவன், ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுச் சக்கரத்தை நிறுத்தியவன் என்று ஊரில் உள்ள அத்தனை கைவரிசையையும் பார்த்துவிட்டு வந்தவருக்கு, பக்கத்து வீட்டுக்காரர் காலையில் சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறார் என்று ஒரு யோசனை ஓடும்.

ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதை ஒரு வாரம் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் சுவரில் மாட்டினார். மீட்டருக்குச் சீல் வைக்கும் ஈயக் குண்டு, முறுக்குக் கம்பி, குண்டை நசுக்கும் குறடு எல்லாவற்றையும் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டார். ஆனால் பழக்கத்தை ஒப்படைக்க முடியுமா? வீட்டில் துணி டேப்பும் வெள்ளைக் காகிதமும் பசையும் வைத்துக்கொண்டு சீல் வைக்க ஆரம்பித்தார். காஸ் ரெகுலேட்டருக்கு ஒன்று, தண்ணீர்த் தொட்டி மூடிக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் தேதி, கையெழுத்து. சர்க்கரை டப்பாவுக்கும் ஒட்டப் போனபோதுதான் அக்கா கரண்டியோடு வந்தாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாடகக் குழு ஒன்றுக்கு இருபத்தாறு வருஷம் உடை தைத்தவள். ராஜா, ராணி, பிச்சைக்காரன், பேய் எல்லாருக்கும் அவள்தான் தையல்காரி. வேடிக்கை என்னவென்றால், தான் தைத்த உடையை அவள் மேடையில் ஒருமுறைகூட முன்னால் உட்கார்ந்து பார்த்ததில்லை. நாடகம் நடக்கும்போது திரைக்குப் பின்னால் ஊசியும் நூலுமாக நிற்பாள். எவனாவது கிழித்துக்கொண்டு ஓடி வருவான். ஒரு பொத்தான் தொங்கினால்கூட நடிகனைப் பிடித்து நிறுத்திவிடுவாள். வசனம் காத்திருக்கட்டும், பொத்தான் காத்திருக்காது என்பாள். விளக்கு வெளிச்சத்தில் தன் ஜரிகை எப்படி மின்னும் என்பதை நடிகர்கள் சொல்லிக் கேட்டதுதான்.

போன வருஷம் குழுவைக் கலைத்தார்கள். கடைசி நாடகத்தை நல்ல கேமராக்களை வைத்துப் படம் பிடித்து, ப்ளூ-ரே டிஸ்க்காகப் போட்டு, ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். அக்காவுக்கு ஒன்று கிடைத்தது. அந்த நாடகத்தில் ராஜா போடும் கருநீலக் கோட்டு அவள் கடைசியாகத் தைத்தது. ஏழு பொத்தான், ஏழிலும் கையாலேயே ஜரிகை சுற்றியது. அதற்கே பதினோரு நாள் ஆனது.

டிஸ்க் வந்த அதே மாதம் கண் டாக்டர் விஷயத்தைச் சொன்னார். அவளுக்கு இடது கண் முன்பே மங்கிப் போயிருந்தது. இப்போது வலது கண்ணிலும் நடுப்பகுதி தேய ஆரம்பித்துவிட்டது. ஊசி போட்டு மெதுவாக்கலாம், போனது திரும்பாது. "எதையாவது பாக்கணும்னு ஆசை இருந்தா, தள்ளிப் போடாம பாத்துடுங்கம்மா" என்றார். நான்தான் கூடப் போயிருந்தேன். ஆட்டோவில் திரும்பும்போது அக்கா, "அந்தக் கோட்டைப் பாத்துடணும்டா" என்று மட்டும் சொன்னாள்.

ஆக, வேண்டியது ஒரு ப்ளூ-ரே ப்ளேயர். வீட்டில் இருந்த பழைய டிவிடி ப்ளேயரில் அந்த டிஸ்க் ஓடாது. கடைக்குப் போய், டிவிக்குப் பொருந்துகிற ஒன்றைப் பார்த்து வாங்கி வந்தால் முடிந்தது. அரை நாள் வேலை என்று நான் நினைத்தேன். அத்தான் தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்ததைப் பார்த்ததும் அந்த நினைப்பைக் கைவிட்டேன்.

முதல் கடையில் விற்பனைக்காரர் நல்ல மனிதர். இப்போது வரும் ப்ளேயர்களில் பின்னால் ஹெச்.டி.எம்.ஐ. என்ற ஒரே சாக்கெட்தான் இருக்கும், உங்கள் டிவியில் அது இருக்கிறதா என்று கேட்டார். அத்தான் நோட்டைத் திறந்தார். எட்டு வருஷத்துக்கு முன்பு டிவியைச் சுவரில் மாட்டிய அன்று அதன் முதுகை அளவெடுத்து வரைந்து வைத்திருந்தார். படத்தில் பழைய ஒயர்களைச் செருகும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வட்டம். வேறொன்றும் இல்லை. விற்பனைக்காரர் டிவியின் மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி, கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த மாடலில் இரண்டு ஹெச்.டி.எம்.ஐ. இருக்கிறதே சார் என்றார்.

"நான் கண்ணால பாத்து வரைஞ்சது இது. உங்க கம்ப்யூட்டர் என் வீட்டுக்கு வந்துச்சா?" என்றார் அத்தான்.

வெளியே வந்ததும் எனக்கு விளக்கினார். ஆள் காதில் பூ சுற்றுகிறான். முதலில் ப்ளேயரைத் தலையில் கட்டுவான். அது சேரவில்லை என்று நாம் திரும்பி வந்தால், அடடா டிவியே பழசு சார், மாற்றிவிடுங்கள் என்பான். இது பெரிய ஏற்பாடு.

இரண்டாவது கடையில் டிவியையே மாற்றச் சொன்னார்கள். அத்தானின் முகத்தில் வந்த திருப்தியைப் பார்க்க வேண்டுமே. சொன்னேனா இல்லையா என்பது போல என்னை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாவது கடையில் டிஸ்க்கைப் போட்டுப் பார்க்கலாம், கொடுங்கள் என்றார்கள். உலகத்தில் சில டிஸ்க்குகள் சில வட்டாரத்து ப்ளேயர்களில் மட்டும்தான் ஓடும், அதனால் சோதித்துவிடுவது நல்லது என்றார்கள். நியாயமான பேச்சு. அத்தான் டிஸ்க்கைக் கையை விட்டுத் தரவில்லை. உள்ளே கொண்டுபோய் மாற்றிக் கொடுத்துவிட்டால்? கடைசியில் ப்ளேயரைக் கடையின் முன்பக்கத்துக்கே எடுத்துவரச் சொல்லி, தானே டிஸ்க்கை உள்ளே வைத்து, ஓடியதைப் பார்த்து, தானே எடுத்து உறையில் போட்டார். கடைக்காரர் எங்களுக்குக் கொடுத்த தண்ணீரைக்கூட அத்தான் குடிக்கவில்லை.

இப்படி வாரங்கள் போயின. டிவியின் கையேட்டைத் தேடி எடுத்துக் காட்டினேன். அதிலும் இரண்டு ஹெச்.டி.எம்.ஐ. என்றுதான் போட்டிருந்தது. விற்கிறவனே அச்சடித்த புத்தகம் விற்கிறவனுக்குத்தானே சாதகமாகப் பேசும் என்றார். மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சுவரிலிருந்து இறக்கிப் பார்க்கலாம் என்றேன். மெக்கானிக்கா, உள்ளே இருக்கிற நல்ல பாகத்தை உருவிக்கொண்டு டப்பாவை மாட்டிவிட்டுப் போவான் என்றார். எனக்கு ஜெராக்ஸ் கடை. மூன்று கம்பெனிகளின் உத்தரவாதத் தாள்களைப் பிரதி எடுத்து, சின்ன எழுத்துகளுக்குக் கீழே கோடு போட்டு அவருக்குக் கொடுப்பதே வேலையாகிப்போனது. நானாவது அந்த டிவியை ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்கியிருக்கலாம். இவரோடு யார் மல்லுக்கட்டுவது என்று சும்மா இருந்துவிட்டேன். அதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அக்கா அவசரப்படுத்தவில்லை. டிஸ்க் வந்தபோது அவளால் ஜன்னலோரம் நின்று ஊசியில் நூல் கோக்க முடிந்தது. ஒரு மாதம் கழித்து என்னைக் கோத்துத் தரச் சொன்னாள். அதற்கும் அடுத்த மாதம் கேட்பதையே விட்டுவிட்டாள்.

கடைசியில் மூன்றாவது கடைக்காரரே ஒரு வழி சொன்னார். ஹெச்.டி.எம்.ஐ.யை அந்த மூன்று வட்டங்களுக்கு மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. படம் வரும், ஆனால் அந்தத் தெளிவு வராது என்று அவர் முன்கூட்டியே சொன்னார். அத்தானுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. தன் சரக்கைத் தானே குறை சொல்கிறவன் திருடனாக இருக்க முடியாது என்று ப்ளேயரையும் பெட்டியையும் வாங்கினார்.

ஒரு சனிக்கிழமை காலை மாட்டினோம். டிவிக்குப் பக்கத்தில் தொங்கிய கேபிள் பெட்டியின் மூன்று ஒயர்களைக் கழற்றி அந்தச் சின்னப் பெட்டியில் செருகினால் போதும், டிவியை இறக்கவே வேண்டியிருக்கவில்லை. நாடகம் ஓடியது. ராஜா வந்தார். கோட்டு கருநீலமா கறுப்பா என்றுகூடச் சொல்ல முடியவில்லை, எல்லாம் ஈயம் பூசினது போல இருந்தது. அக்கா நாற்காலியை இழுத்து இழுத்து டிவிக்கு ஒரு முழம் வரை வந்துவிட்டாள்.

"எல்லாம் புகை மாதிரி இருக்குங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "மெஷினா, என் கண்ணாடா?"

நான் மெஷின்தான் என்றேன். அவள் அத்தானைப் பார்த்தாள். அவரும் மெஷின்தான் என்றார். இரண்டு பேரும் சொல்லி வைத்துப் பேசுகிறோம் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எழுந்து போய்விட்டாள். அந்த வீட்டில் அதுவரை சந்தேகம் அத்தானுக்கு மட்டும்தான் சொந்தமாக இருந்தது. அன்றைக்கு அக்காவின் முகத்தில் அதைப் பார்த்ததும் அவர் ஆடிப்போய்விட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் வந்தது. "மாப்ள, டிவிய இறக்கணும். ஸ்க்ரூ டிரைவரோட வா" என்றார்.

இறக்கிக் கட்டில்மேல் கவிழ்த்தோம். முதுகில் அந்த மூன்று வட்டங்கள் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புத் துணி டேப். அதன்மேல் பழுப்பேறிய காகிதம். காகிதத்தில் எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. கீழே அழகான, சாய்ந்த கையெழுத்து.

அத்தானுடையது.

எனக்கு உடனே புரியவில்லை, அவருக்குப் புரிந்துவிட்டது. மீட்டர் பெட்டியில் உபயோகத்தில் இல்லாத துளை எது இருந்தாலும் அதை மூடிச் சீல் வைக்க வேண்டும் என்பது அவர்கள் அலுவலக விதி. சீல் வைத்த பிறகு குறிப்பேட்டில் படம் வரைய வேண்டும். படத்தில் திறந்திருப்பதை மட்டும்தான் காட்ட வேண்டும். மூடியது இல்லாததற்குச் சமம். டிவி வந்த அன்று கேபிளுக்கு மூன்று வட்டம் போதும் என்று மற்றதையெல்லாம் மூடி, கையெழுத்துப் போட்டு, படம் வரைந்து, மாட்டி, மறந்துவிட்டார். இரண்டு மாதமாக அந்தப் படத்தை வைத்துக்கொண்டுதான் ஊரில் இருக்கிற கடைக்காரர்களையெல்லாம் திருடர்களாக்கியிருந்தார்.

நாலு வார்த்தை திட்டிவிட எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். அவர் டேப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பிரிச்சுடலாம் அத்தான்" என்றேன்.

அப்படியெல்லாம் பிரிக்கக் கூடாதாம். சீலை உடைக்க இரண்டு சாட்சி வேண்டும். எதிர் வீட்டுப் பல் டாக்டரை அரைக்கால் சட்டையோடு கூட்டி வந்தார். சீல் பழுதில்லாமல் இருந்தது, யாரும் கை வைத்ததாகத் தெரியவில்லை என்று நோட்டில் எழுதி எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். காரணம் என்ற இடத்தில் 'என் தவறு' என்று எழுதியிருந்தார். பல் டாக்டர் எதைப் பற்றி என்றுகூடக் கேட்காமல் போட்டுவிட்டுப் போனார்.

டேப்பைக் கிழித்ததும் இரண்டு ஹெச்.டி.எம்.ஐ. சாக்கெட்டும் புத்தம்புதுசாக இருந்தன. டிவியை மேஜைமேல் நிறுத்தி, ப்ளேயரின் ஒயரை நேராக அதில் செருகி, டிஸ்க்கைப் போட்டோம். அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தோம்.

என்ன சொல்வது, மேடையே கூடத்துக்கு வந்துவிட்டது. ராஜாவின் நெற்றியில் வியர்வை தெரிந்தது. கருநீலம் கருநீலமாக இருந்தது. பொத்தான்களைச் சுற்றிய ஜரிகை ஒவ்வொரு இழையாக மின்னியது. நான் அக்காவின் வேலையை இத்தனை வருஷத்தில் அன்றுதான் ஒழுங்காகப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா முன்னால் குனிந்திருந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பிறகு மறுபக்கம் சாய்த்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துதான் இருந்தது.

"தெரியுதா?" என்றார் அத்தான்.

"நல்லாத் தெரியுது."

அத்தோடு விட்டிருக்கலாம். அவரால் முடியவில்லை. முப்பத்தோரு வருஷம் எவர் வாய்மொழியையும் ஏற்காத மனிதர். ராஜா நேராக நின்ற இடத்தில் ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினார்.

"கோட்டுல எத்தனை பொத்தான்னு சொல்லு பாப்போம்."

அக்கா சிரித்தாள். "ஏழுங்க. என்னைக்கும் ஏழுதான்."

திரையில் ஆறுதான் இருந்தன. மேலிருந்து மூன்றாவது பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கையில் ஊசியை எடுக்கும் முன்பே ராஜா மேடைக்குப் போயிருக்க வேண்டும். திரையில் அந்த நூல் இப்போது அவள் கண்ணில் பட்டிருந்தால் வீடே இரண்டுபட்டிருக்கும்.

அத்தான் ஒரு தடவை எண்ணினார். விரலைத் திரைக்கு நேராக நீட்டி இன்னொரு தடவை எண்ணினார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிஸ்க் வந்த தேதியிலிருந்து அன்றைய தேதிவரை எத்தனை நாள் என்பதையும் அவர் எண்ணியிருப்பார் என்று நினைக்கிறேன்.

"சரியா எண்ணினீங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"எண்ணிட்டேன். ஏழு. சரியா இருக்கு."

தன் உத்தியோகத்தில் ஒரு பொய் அளவைக்கூடப் பதிவு செய்யாதவர் அவர். படத்தை மறுபடி ஓட விட்டுவிட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நோட்டு மேஜைமேல் திறந்தே கிடந்தது. இதற்கு என்னைச் சாட்சிக் கையெழுத்துப் போட அவர் கூப்பிடவில்லை.